மூன்று தவறான விடைகள்: கொள்குறி வினாவின் வரலாறு

ஒரு வினாவையும் அதன்கீழ் நான்கு விடைகளையும் அச்சிட்டு, அவற்றுள் சரியான ஒன்றைக் குறிக்கச் சொல்லும் முறை தமிழ்நாட்டில் கொள்குறி வினா என்றும், பள்ளிப் பாடநூல்களில் பலவுள் தெரிக என்றும், இலங்கையில் பல்தேர்வு வினா என்றும் வழங்குகிறது. அரசுப் பணித் தேர்வு, தொலைக்காட்சிப் போட்டி, வார இதழின் பொது அறிவுப் பக்கம், கைப்பேசி விளையாட்டு என எங்கும் பரவியிருப்பதால் இவ்வடிவம் மிகப் பழையது போலத் தோன்றினாலும், அதன் வயது நூறாண்டுகளைச் சற்றே கடந்தது. அந்த வரலாற்றைத் தொடர்ந்து பார்ப்பவர்க்கு ஒன்று தெளிவாகும்: இவ்வகை வினாவின் தரத்தை முடிவு செய்பவை அதிலுள்ள தவறான விடைகளே. சரியான விடையை எழுத ஒரு நூலைப் புரட்டினால் போதும்; நம்பத்தக்க மூன்று தவறுகளை உருவாக்கவோ, அந்தப் பொருளில் மனிதர்கள் எங்கே இடறுகிறார்கள் என்று அறிந்திருக்க வேண்டும்.

இம்முறை பிறந்ததற்குக் காரணம் விடைத்தாள் திருத்துவோர்மீது எழுந்த ஐயம். 19-ஆம் நூற்றாண்டில் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் எழுத்துத் தேர்வு நிலைபெற்றபோது, கட்டுரையாக எழுதப்பட்ட விடைக்கு ஒருவர் இட்ட மதிப்பெண்ணை மற்றொருவரும் இடுவாரா என்ற கேள்வியும் உடன்பிறந்தது. புள்ளியியல் அறிஞர் எட்ஜ்வொர்த் 1888-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், தேர்வு முடிவுகளில் தற்செயலுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதைக் கணக்கிட முயன்றார். அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்னும் இருவர் 1912, 1913 ஆகிய ஆண்டுகளில் ஒரே விடைத்தாளின் படிகளைப் பல பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் செய்தனர். வடிவியல் விடைத்தாள் ஒன்றுக்கு ஓர் ஆசிரியர் 28 மதிப்பெண் இட, மற்றொருவர் 90-க்கும் மேல் இட்டார். கணக்குப் பாடத்தில்கூட இவ்வளவு வேறுபாடு இருந்தது கல்வியாளர்களைத் திகைக்க வைத்தது. இங்கிலாந்தில் ஹார்ட்டாக், ரோட்ஸ் இருவரும் 1935-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கடுமையான செய்தியைச் சொன்னது. 15 வரலாற்று விடைத்தாள்களை 14 தேர்வாளர்களிடம் தந்து, ஓராண்டுக்கு மேல் கழிந்தபின் அதே தாள்களை அவர்களிடமே மீண்டும் தந்தபோது, 210 முடிவுகளில் 92 மாறிப்போயின. முன்பு தேறியவர் தவறினார், தவறியவர் தேறினார். எழுதியவர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

இந்தக் குறையைத் தம் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பொருளாகக் கொண்டவர் ஃபிரெடெரிக் கெல்லி. ஆசிரியர் இடும் மதிப்பெண்களின் நிலையின்மையைப் பற்றிக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் 1914-இல் ஆய்வை முடித்த அவர், கான்சஸ் மாநிலத்தின் எம்போரியா நகரிலிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியபோது, 1914–15-இல் ‘கான்சஸ் மௌன வாசிப்புத் தேர்வு’ என்னும் ஒன்றை உருவாக்கினார். மாணவர் சிறு பத்தியைத் தமக்குள் வாசித்து, கேட்டபடி ஒரு சொல்லைச் சுற்றிக் கோடிட வேண்டும். எழுத வேண்டியது ஏதுமில்லை. பசு, புலி, எலி, ஓநாய் என நான்கு விலங்குகளைத் தந்து பண்ணைக்குப் பயன்படுவதைச் சுட்டச் சொல்லும் வினா அதில் இருந்தது. ஒரே விடைதான் சரியாக இருக்கும்படி வினா அமைய வேண்டும், திருத்துவோர் தம் கருத்தைப் புகுத்த இடமே இருக்கக் கூடாது என்பது கெல்லி வகுத்த நெறி. பலவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்யும் அச்சுத் தேர்வுக்கு முன்னோடி அதுவே என்று கல்வி வரலாற்றாசிரியர்கள் பொதுவாகக் கொள்கின்றனர்.

வகுப்பறையில் பிறந்த இம்முறை நாடு முழுவதும் பரவக் காரணமாக இருந்தது முதல் உலகப் போர். 1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியபோது, இலட்சக்கணக்கான புதிய சிப்பாய்களைத் தரம் பிரிக்க ஒரு வழி தேவைப்பட்டது. உளவியலாளர் ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் ஒரு குழு வைன்லேண்ட் நகரில் கூடி, ஆர்மி ஆல்ஃபா என்னும் எழுத்துத் தேர்வையும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் படங்களைக் கொண்ட ஆர்மி பீட்டா என்னும் தேர்வையும் உருவாக்கியது. ஸ்டான்ஃபோர்டில் லூயிஸ் டெர்மனிடம் பயின்ற ஆர்தர் ஓடிஸ், ஒரே நேரத்தில் பலருக்கு நடத்தித் துளைத்தாள் கொண்டு விரைவாகத் திருத்தத்தக்க தேர்வை முன்பே வகுத்திருந்தார். அதன் வடிவமே இராணுவத்துக்கும் கைகொடுத்தது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 17 இலட்சம் பேர் இத்தேர்வுகளை எழுதினர்.

ஆர்மி ஆல்ஃபாவின் சில வினாக்களை அருகிலிருந்து பார்த்தால், தவறான விடைகளின் அரசியல் முதன்முதலாக வெளிப்படும் இடம் தெரியும். கிரிஸ்கோ என்பது காப்புரிமை பெற்ற மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா என்று ஒரு வினா கேட்டது. கிரிஸ்கோ வனஸ்பதியைப் போன்ற ஒரு சமையல் கொழுப்பு. அதன் விளம்பரத்தை அமெரிக்க நாளிதழ்களில் பார்த்த எவருக்கும் விடை தெரியும். சிசிலியிலிருந்தோ போலந்திலிருந்தோ சில ஆண்டுகளுக்கு முன் கப்பலேறி வந்த இளைஞருக்கு நான்கும் ஒன்றுபோலத்தான் தோன்றும். பேஸ்பால் வீரர் ஒருவரின் பெயரைச் சொல்லி அவர் எழுத்தாளரா, ஓவியரா, விளையாட்டு வீரரா, நகைச்சுவை நடிகரா என்று கேட்ட வினாவும் அத்தகையதே. பொது அறிவு என்று தலைப்பிடப்பட்டது ஒரு நாட்டின் ஒரு பிரிவினருடைய அன்றாட அறிவு. அதை அறிவாற்றல் என்று மதிப்பிட்டதில் விளைந்த தீங்கு பெரிது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கார்ல் பிரிகம் இத்தேர்வுகளின் புள்ளிவிவரங்களைக் கொண்டு 1923-இல் எழுதிய நூல், தென் ஐரோப்பியர்களும் கிழக்கு ஐரோப்பியர்களும் பிறப்பிலேயே அறிவில் தாழ்ந்தவர்கள் என்று வாதிட்டது. குடியேற்றத்தைக் கட்டுப்படுத்திய 1924-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்தோருக்கு அது கருவியாயிற்று. 1930-இல் பிரிகமே தம் முடிவுகளுக்கு அடிப்படை இல்லை என்று எழுதி அவற்றைக் கைவிட்டார். அறிஞர் ஒருவர் அவ்வளவு வெளிப்படையாகத் தம் நூலை மறுத்தது போற்றத்தக்கது. ஆனால் அதற்குள் சட்டம் ஆறாண்டு நடைமுறையில் இருந்தது.

இதே பிரிகம்தான், கல்லூரிச் சேர்க்கைக்காக இன்றும் நடைபெறும் எஸ்.ஏ.டி. தேர்வின் முதல் வடிவத்தை அமைத்தவர். 1926 ஜூன் 23 அன்று ஏறத்தாழ 8,000 மாணவர்கள் அதை எழுதினர். 97 நிமிடங்களில் 315 வினாக்கள். இத்தனை விடைகளைக் கையால் திருத்தும் சுமையை இயந்திரத்திடம் ஒப்படைத்தவர், மிச்சிகன் மாநிலத்துப் பள்ளி ஆசிரியர் ரெனால்ட் ஜான்சன். பென்சில் கோட்டிலுள்ள கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் என்பது அவருக்குச் சிறுவயதிலேயே தெரிந்திருந்தது. தம் சகோதரிகளைப் பார்க்க வந்த இளைஞர்களின் கார்களில் தீப்பொறிக் கட்டையின்மேல் பென்சிலால் கீறி எஞ்சினைத் திணறடித்த குறும்பு அவர் வாழ்க்கைக் குறிப்புகளில் தவறாமல் இடம்பெறுகிறது. விடைத்தாளில் பென்சிலால் நிரப்பிய இடங்களின்மேல் மின்முனைகள் படியும்போது பாயும் மின்னோட்டத்தின் அளவை ஒரு முள் காட்டும். அந்த எண்ணே மதிப்பெண். ஐ.பி.எம். நிறுவனம் 1934-இல் அவரைப் பணியில் சேர்த்துக்கொண்டு, 1930-களின் பிற்பகுதியில் 805 என்னும் எண்ணிட்ட திருத்தும் இயந்திரத்தை வெளியிட்டது. ஜான்சன் பின்னாளில் கணினியின் முதல் காந்த வட்டுச் சேமிப்பகத்தை உருவாக்கிய குழுவுக்கும் தலைமை தாங்கினார். 1950-களில் ஐயோவா பல்கலைக்கழகத்தின் லிண்ட்குவிஸ்ட், மின்சாரத்துக்கு மாற்றாக ஒளியைக் கொண்டு குறிகளைப் படிக்கும் இயந்திரத்தை அமைத்தார். இன்று ஓ.எம்.ஆர். தாள் என்று தேர்வர்கள் சொல்லும், வட்டங்களைக் கருமையாக்கும் விடைத்தாள் அதன் வழித்தோன்றல்.

இயந்திரம் திருத்தத் தொடங்கியதும், திருத்துவோரின் மனப்போக்கு என்ற பழைய சிக்கல் அகன்று, குருட்டு யூகம் என்ற புதிய சிக்கல் முன்னுக்கு வந்தது. நான்கு விடைகளுள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் சரியாக அமைய நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டி.என்.பி.எஸ்.சி.) குரூப் 4 தேர்வில் 200 வினாக்களுக்கு 300 மதிப்பெண்கள். வினாத்தாளைத் திறந்தே பார்க்காமல் விடைத்தாளை நிரப்புபவருக்கும் சராசரியாக 50 விடைகள் சரியாகி 75 மதிப்பெண் கிடைக்கும். இதை ஈடுசெய்ய அறிஞர்கள் வகுத்த வழி எளிது: விடைகள் நான்கானால், தவறான ஒவ்வொரு விடைக்கும் சரியான விடையின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால், யூகித்தவரின் ஆதாயமும் இழப்பும் சமமாகிவிடும். இந்தியக் குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வில் 2007 முதல் இந்த மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படுகிறது. மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண்ணும் தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவும் என்பதால், முற்றிலும் அறியாமல் குறிப்பவருக்கும் வினா ஒன்றுக்குச் சராசரியாகக் கால் மதிப்பெண் மிஞ்சுகிறது. ஆனால் கழிவு விதி அறியாதவரைக் காட்டிலும் அஞ்சுபவரையே கூடுதலாகத் தண்டிக்கிறது என்பது நெடுங்கால விவாதம். இரண்டு விடைகளைத் தவறென்று உறுதியாக ஒதுக்கிவிட்ட மாணவர், எஞ்சிய இரண்டில் ஒன்றைத் துணிந்து குறித்தால் கணக்குப்படி ஆதாயமே உண்டு. கழிவுக்குப் பயந்து விட்டுவிடுபவர், தாம் அறிந்த பாதி அறிவுக்குரிய பலனையும் இழக்கிறார்.

தவறான விடைகளைத் திசைதிருப்பிகள் என்று கல்வியாளர்கள் அழைப்பர். அவற்றின் வேலை எத்தகையது என்பதை ஆஸ்திரேலியாவின் தலைநகர் பற்றிய பழகிய வினா நன்கு காட்டும். கான்பெரா என்பது சரியான விடை. உடன் சிட்னி, மெல்போர்ன், பெர்த் ஆகிய மூன்றும் இருப்பதாகக் கொள்ளலாம். சிட்னி, ஏதும் அறியாதவரை இழுக்கும், ஏனெனில் அதுவே பெரும்புகழ் பெற்ற நகரம். மெல்போர்ன், பாதி அறிந்தவரை இழுக்கும். 1901 முதல் 1927 வரை நாடாளுமன்றம் அங்கேதான் கூடியது. பெர்த் பெரும்பாலும் எவரையும் இழுக்காமல் இடத்தை நிரப்புவதோடு நின்றுவிடும். ஒரு திசைதிருப்பி வேலை செய்கிறதா என்பதை அளக்க, மொத்த மதிப்பெண்ணில் மேல்நிலையில் உள்ள 27 விழுக்காட்டினரையும் கீழ்நிலையில் உள்ள 27 விழுக்காட்டினரையும் ஒப்பிடும் முறைக்கு ட்ரூமன் கெல்லி 1939-இல் புள்ளியியல் அடிப்படை தந்தார். சரியான விடையை மேல்நிலையினர் மிகுதியாகவும், ஒவ்வொரு தவறான விடையையும் கீழ்நிலையினர் மிகுதியாகவும் தேர்ந்திருக்க வேண்டும். நன்கு படித்தவர்களே ஒரு தவறான விடையில் குவிந்திருந்தால், வினாவிலோ விடைக்குறிப்பிலோ பிழை இருக்கிறது என்று அது எச்சரிக்கும்.

அந்த எச்சரிக்கையை ஒரு பெரும் கண்டனமாக வளர்த்தவர் நியூயார்க்கின் குவீன்ஸ் கல்லூரிக் கணிதப் பேராசிரியரும் ஐன்ஸ்டைனுடன் ஆய்வு செய்தவருமான பானேஷ் ஹாஃப்மன். 1959-இல் லண்டன் டைம்ஸ் நாளிதழில் வெளிவந்த ஒரு வாசகர் கடிதம் அவர் கவனத்தை ஈர்த்தது. கிரிக்கெட், கால்பந்து, பில்லியர்ட்ஸ், ஹாக்கி ஆகியவற்றுள் பொருந்தாதது எது என்று ஒரு பள்ளி நுழைவுத் தேர்வில் கேட்கப்பட்டிருந்தது. அறைக்குள் ஆடுவது பில்லியர்ட்ஸ் மட்டுமே. கையில் கருவியின்றிப் பந்தை உதைத்து ஆடுவது கால்பந்து மட்டுமே. பந்தை வலையிலோ பையிலோ சேர்ப்பது நோக்கமல்லாதது கிரிக்கெட் மட்டுமே என்று வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் ஆளுக்கொரு விடை வந்தது. ஹாக்கிக்கும் அந்த வீட்டுச் சிறுவன் தன் காரணம் ஒன்றை வைத்திருந்தான். ஹாஃப்மன் 1962-இல் வெளியிட்ட ‘தேர்வின் கொடுங்கோன்மை’ என்னும் பொருள்படும் நூலின் வாதம், மேலோட்டமாகச் சிந்திப்பவருக்குத் தெளிவாகவும் ஆழ்ந்து சிந்திப்பவருக்குக் குழப்பமாகவும் இருக்கும் வினா, சிந்தனையையே குற்றமாக்குகிறது என்பது. இன்றுவரை அதற்கு முழுமையான மறுமொழி கிடைக்கவில்லை. தன் காரணத்தை எழுத இடமில்லாத தாளில், சிறந்த காரணமும் தவறான காரணமும் ஒரே கருவட்டமாகவே பதிவாகின்றன.

இந்தியாவில் 1950-களின் பிற்பகுதியில் சிகாகோப் பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் புளூம் வந்து ஆசிரியர்களுக்குப் பயிலரங்குகள் நடத்தியதிலிருந்து தேர்வுச் சீர்திருத்தம் என்ற பேச்சு வலுப்பெற்றது. எனினும் கொள்குறி வினாவை வீடுதோறும் கொண்டு சேர்த்தது போட்டித் தேர்வே. டி.எஸ். கோத்தாரி தலைமையிலான குழு 1976-இல் அளித்த அறிக்கையின்படி, 1979 முதல் குடிமைப் பணித் தேர்வுக்குக் கொள்குறி வகையிலான முதல்நிலைத் தேர்வு வந்தது. தமிழ்நாட்டில் மருத்துவ, பொறியியல் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வு 1984 முதல் இருபதாண்டுகளுக்கு மேல் நடந்து, கிராமப்புற மாணவர்களைப் பாதிக்கிறது என்ற காரணத்தால் சட்டத்தின்மூலம் நீக்கப்பட்டது. 1929-இல் சென்னை மாகாணத்தில் தொடங்கப்பட்ட, மாகாணங்களுக்கான தேர்வாணையங்களுள் இந்தியாவிலேயே முதலாவதான அமைப்பின் வழிவந்த டி.என்.பி.எஸ்.சி., 2024-இல் குரூப் 4 தேர்வுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் விண்ணப்பங்களைப் பெற்றது. இத்தனை பேரின் கட்டுரைகளைத் திருத்த எந்த நாட்டிலும் ஆள்பலம் கிடையாது என்பதே இம்முறை இங்கு நிலைத்ததன் முதற்காரணம்.

நான்கு விடைகளுக்கு ஐந்தாவது ஒன்றைத் தமிழ்நாடு சேர்த்த வரலாறு தனியே சொல்லத்தக்கது. 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வில், இராமேசுவரம், கீழக்கரை மையங்களில் எழுதிய பலர் தரவரிசையின் முன்னிடங்களில் வந்தது ஐயத்தைக் கிளப்பியது. சிலர் சிறிது நேரத்தில் மறைந்துவிடும் மையால் விடைகளைக் குறித்திருந்ததும், விடைத்தாள்கள் சென்னைக்குக் கொண்டுவரப்பட்ட வழியில் சரியான விடைகள் நிரப்பப்பட்டதும் 2020 ஜனவரியில் வெளிப்பட்டன. 99 பேர் வாழ்நாள் முழுவதும் தேர்வெழுதத் தடை விதிக்கப்பட்டது. தேர்வர் வெறுமையாக விட்ட இடமே முறைகேட்டுக்கு வாயிலாக அமைந்ததால், எந்த வரிசையும் வெறுமையாக இருக்கக் கூடாது என்று விதி வந்தது. விடை தெரியாதபோது நிரப்புவதற்காக ‘விடை தெரியவில்லை’ என்னும் ‘இ’ வட்டம் ஆங்கில வரிசையின் ஐந்தாம் எழுத்தாகச் சேர்க்கப்பட்டது. ஒவ்வோர் எழுத்துக்கும் எத்தனை வட்டங்கள் நிரப்பப்பட்டன என்று தேர்வரே கூட்டி எழுதவும் வேண்டியதாயிற்று. அறியாமையை ஒப்புக்கொள்ளும் ஒரு குறி, நேர்மையைக் காக்கும் பூட்டாகவும் பயன்பட்டிருக்கிறது.

விடைக்குறிப்பே தவறாக இருந்தால் என்ன செய்வது என்ற வினாவை இந்திய உச்ச நீதிமன்றம் 1983-இல் கான்பூர் பல்கலைக்கழக வழக்கில் எதிர்கொண்டது. மருத்துவ நுழைவுத் தேர்வில் சில விடைகள் பாடநூல்களுக்கு மாறாக இருந்ததை மாணவர்கள் எடுத்துக்காட்டினர். விடைக்குறிப்பு சரியானது என்றே பொதுவாகக் கொள்ள வேண்டும், ஆனால் அது தவறென்று ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டால் சரியாக விடையளித்த மாணவரைத் தண்டிக்கக் கூடாது என்று நீதிமன்றம் கூறியது. தேர்வு முடிந்த சில நாள்களில் உத்தேச விடைக்குறிப்பை வெளியிட்டு ஆட்சேபங்களைக் கேட்கும் இன்றைய நடைமுறை மாணவர்க்குக் கிடைத்த உண்மையான பாதுகாப்பு. அதன் தேவையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். தமிழ்நாடு என்னும் பெயர் மாற்றம் நிகழ்ந்த ஆண்டு எது என்று கேட்டு 1956, 1967, 1968, 1969 என்று விடைகளைத் தந்தால், சட்டமன்றத் தீர்மானத்தை எண்ணியவர் 1967 என்பார், நாடாளுமன்றச் சட்டத்தை எண்ணியவர் 1968 என்பார், பெயர் நடைமுறைக்கு வந்த நாளை எண்ணியவர் 1969 என்பார். வரலாற்றை நன்கு படித்தவரே மிகுதியாகத் தடுமாறும் இத்தகைய வினாவில் பழுது வினாவின் சொற்களில் இருக்கிறது.

தேர்வுக்கூடத்துக்கு வெளியே வளர்ந்த வினாடி வினாக் கலைக்கு நெடுங்காலம் நான்கு விடைகள் தேவைப்படவில்லை. 1936-இல் அமெரிக்க வானொலியில் ‘புரொஃபசர் குவிஸ்’ தொடங்கியபோதும், 1938-இல் நேயர்கள் வினா அனுப்பி அறிஞர்களைத் திணறடிக்கும் ‘இன்ஃபர்மேஷன் பிளீஸ்’ வந்தபோதும் விடை நினைவிலிருந்தே வர வேண்டியிருந்தது. 1967-இல் கல்கத்தாவில் நீல் ஓ பிரையன் ஒரு தேவாலய மண்டபத்தில் நடத்திய போட்டி இந்தியாவின் முதல் பொது வினாடி வினாவாகக் கருதப்படுகிறது. அங்கிருந்து சென்னை, பெங்களூரு நகரங்களுக்குப் பரவிய மரபும், 1972-இல் தொடங்கிய போர்ன்விட்டா போட்டியும், 1985-இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு நடத்திய ‘குவிஸ் டைம்’ நிகழ்ச்சியும் அவ்வாறே. வினாவுக்குள் குறிப்புகளை ஒளித்துவைத்து, அறியாதவரும் சிந்தித்து எட்டும்படி அமைப்பதையே அம்மரபினர் திறமையாகக் கருதுகின்றனர்.

வினாடி வினா உலகிலும் தவறான விடைக்குத் தனி வரலாறு உண்டு. 1956 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘ட்வென்டி ஒன்’ போட்டியில் ஹெர்பர்ட் ஸ்டெம்பெல், அதற்கு முந்தைய ஆண்டுக்கான சிறந்த படமாக ஆஸ்கர் பெற்றது எது என்ற வினாவுக்குத் தவறாக விடை சொல்லித் தோற்றார். சரியான விடையான ‘மார்ட்டி’ அவர் விரும்பிப் பார்த்த படம். பார்வையாளர்களைக் கவர்ந்த சார்லஸ் வான் டோரன் வெல்ல வேண்டும் என்பதற்காகத் தயாரிப்பாளர்கள் கட்டளையிட்டபடியே ‘ஆன் த வாட்டர்ஃபிரண்ட்’ என்றார். தமக்கு வினாக்களும் விடைகளும் முன்கூட்டியே தரப்பட்டதை வான் டோரன் 1959 நவம்பரில் நாடாளுமன்றக் குழுமுன் ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு இத்தகைய ஏமாற்றைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது.

மற்றொன்று அச்சில் விதைக்கப்பட்ட பொய். துணுக்குச் செய்திகளைத் தொகுத்துக் கலைக்களஞ்சியம் வெளியிட்ட ஃபிரெட் வொர்த், தம் நூலை எவரேனும் நகலெடுத்தால் கண்டுபிடிப்பதற்காக, கொலம்போ என்னும் தொலைக்காட்சித் துப்பறிவாளரின் முதற்பெயர் ஃபிலிப் என்று கற்பனையாக எழுதிவைத்தார். 1979-இல் மான்ட்ரியலில் கிறிஸ் ஹேனி, ஸ்காட் அபட் இருவரும் உருவாக்கிய ‘டிரிவியல் பர்சூட்’ பலகை விளையாட்டின் அட்டை ஒன்றில் அதே பெயர் விடையாக அச்சாகியிருந்தது. வொர்த் 1984-இல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். அவருடைய நூலும் தம் மூலங்களுள் ஒன்று என்பதை விளையாட்டை உருவாக்கியோர் மறுக்கவில்லை; ஆனால் தகவல்களுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று நீதிமன்றம் கூறவே, வழக்கு தோற்றது. ஒரே ஒரு நூலை நம்பி வினா அமைப்போர் அனைவரும் நினைவில் கொள்ளத்தக்க வழக்கு இது.

தேர்வுத்தாளின் நான்கு விடைகளையும் தொலைக்காட்சியின் பரபரப்பையும் இணைத்தது, 1998 செப்டம்பர் 4 அன்று பிரிட்டனின் ஐ.டி.வி.யில் தொடங்கிய ‘ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்’ நிகழ்ச்சி. இந்தியில் 2000 ஜூலை 3 அன்று அமிதாப் பச்சன் நடத்த ‘கௌன் பனேகா குரோர்பதி’ தொடங்கியது. தமிழில் அதே ஆண்டு சன் தொலைக்காட்சியில் சரத்குமார் ‘கோடீஸ்வரன்’ நிகழ்ச்சியையும், 2012-இல் விஜய் தொலைக்காட்சியில் சூர்யா ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ நிகழ்ச்சியையும் நடத்தினர். விகாஸ் ஸ்வரூப் 2005-இல் எழுதிய நாவலும், அதிலிருந்து எடுக்கப்பட்டு ஏ.ஆர். ரகுமானுக்கு இரண்டு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றுத்தந்த திரைப்படமும் இத்தகைய நிகழ்ச்சியையே களமாகக் கொண்டவை. நான்கு விடைகளும் திரையில் தெரிவதால் வீட்டிலிருக்கும் எவரும் தம் விடையை உரக்கச் சொல்ல முடிந்தது. வினாடி வினாவை முழுக் குடும்பத்துக்கும் உரியதாக்கியது இந்த வடிவமே.

மில்லியனர் நிகழ்ச்சியில் போட்டியாளர் உதவி கேட்கும்போது பார்வையாளர் வாக்கு 91 விழுக்காடு சரியாகவும், தொலைபேசியில் கேட்கப்பட்ட நண்பரின் விடை ஏறத்தாழ 65 விழுக்காடு சரியாகவும் அமைந்ததாக ஜேம்ஸ் சுரோவியெக்கி 2004-இல் எழுதினார். அறியாதவர்களின் யூகங்கள் நான்கு விடைகளிலும் ஏறத்தாழச் சமமாகச் சிதறும்போது, அறிந்த சிலரின் வாக்கு சரியான விடையை உயர்த்திவிடுகிறது. ஆனால் தவறான விடைகளுள் ஒன்று பலர் மனத்தில் ஊறிய தவறாக இருந்தால் கூட்டத்தின் அறிவு கைவிடும். பிரெஞ்சு நிகழ்ச்சி ஒன்றில் பூமியைச் சுற்றிவருவது எது என்று கேட்கப்பட்டபோது, பார்வையாளருள் பாதிக்கு மேற்பட்டோர் சூரியன் என்று வாக்களித்தனர்.

பிரிட்டனில் 2001 செப்டம்பரில் இராணுவ மேஜர் சார்லஸ் இங்ரம் எதிர்கொண்ட இறுதி வினா, நல்ல திசைதிருப்பிகளுக்கு மிகச் சிறந்த சான்று. ஒன்றும் அதைத் தொடர்ந்து நூறு சுழியங்களும் கொண்ட எண்ணின் பெயர் கூகோலா, மெகாட்ரானா, கிகாபிட்டா, நானோமோலா என்பது வினா. மெகா பத்து இலட்சத்தையும், கிகா நூறு கோடியையும், நானோ நூறு கோடியில் ஒரு பங்கையும் குறிப்பவை; அறிவியல் சொற்களை அரைகுறையாக அறிந்தவர்க்கு மூன்றும் எண்களாகவே ஒலிக்கும், சரியான விடையோ குழந்தையின் மழலை போல ஒலிக்கும். இங்ரம் முதலில் நானோமோலை நோக்கிச் சாய்ந்து, பின்னர் விடைகளை உரக்க வாசித்துக் கூகோலைத் தேர்ந்தார். அரங்கில் காத்திருந்த மற்றொரு போட்டியாளர் சரியான விடை வாசிக்கப்படும்போதெல்லாம் இருமினார் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, 2003-இல் இங்ரம், அவர் மனைவி, இருமியவர் ஆகிய மூவரும் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். அவர்களோ குற்றத்தை மறுத்தே வந்தனர். பத்து இலட்சம் பவுண்டு பரிசு வழங்கப்படவில்லை.

அண்மைக்கால ஆய்வுகள் இவ்வடிவத்தின் சில பழக்கங்களை அசைத்துள்ளன. வினா அமைப்போர் சரியான விடையை நடுவிடங்களில் ஒளிக்க முனைகின்றனர், யூகிப்போரும் அங்கேயே தேடுகின்றனர் என்று அட்டாலி, பார்-ஹில்லெல் இருவரும் 2003-இல் காட்டினர். எண்பதாண்டு ஆய்வுகளைத் தொகுத்த ரோட்ரிகெஸ் 2005-இல் மூன்று விடைகளே போதும் என்று முடிவு கண்டார். நான்காவது விடை பெரும்பாலும் பெர்த் நகரைப் போல எவரையும் இழுக்காமல் கிடக்கிறது. முதலில் தோன்றிய விடையை மாற்றக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரையும் பிழையானது: மாற்றப்படும் விடைகளுள் தவறிலிருந்து சரியாவனவே மிகுதி என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டுள்ளன.

இவற்றுள் வினா-விடை ஆர்வலர்கள் அனைவரையும் தொடுவது, ரோடிகர், மார்ஷ் ஆகிய இருவரின் 2005-ஆம் ஆண்டு ஆய்வு. கொள்குறித் தேர்வு எழுதியவர்கள் பின்னர் அப்பொருளை மேலும் நன்றாக நினைவுகூர்ந்தாலும், தாம் தேர்ந்தெடுத்த தவறான விடையை உண்மையென்று நினைவில் பதித்துக்கொண்டவர்களும் அவர்களுள் இருந்தனர். சரியான விடையை உடன் சொல்லிவிட்டால் அத்தீங்கு குறைகிறது என்று 2008-இல் பட்லரும் ரோடிகரும் கண்டனர். தமிழில் வெளிவரும் பொது அறிவு வினா-விடை நூல்களுள் சில, விடைகளை மொத்தமாக நூலின் இறுதியில் அடுக்குகின்றன. சில, அந்தந்தப் பக்கத்தின் அடியிலேயே தருகின்றன. படிப்பவர் பத்து வினாக்களைக் கடந்ததும் தம் பிழைகளைத் திருத்திக்கொள்ள இடமளிக்கும் இரண்டாவது முறையையே பதிப்பாளர்கள் கைக்கொள்ள வேண்டும். சரியான விடையின் எழுத்தோடு நிறுத்தாமல், மெல்போர்ன் ஏன் தலைநகர் அல்ல, 1967-இல் நிறைவேறியது எது, 1969-இல் நடைமுறைக்கு வந்தது எது என்று தவறான விடைகளுக்கும் ஒவ்வொரு வரி எழுதினால், பக்கம் சற்றுக் கூடினாலும் நூலின் பயன் பன்மடங்காகும்.